முன்நெற்றி முடி உதிர்ந்தால் மருந்தா, கத்தியா?
(மஸ்அலா விளக்கம்)

சென்ற மாதம் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து, பள்ளிவாசல் ஹவ்ளு ஓரத்தில் அமர்ந்து பிள்ளைகளின் ஓதல் பாடத்தைக் கேட்டுக் கொண்டிருந்தோம். வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்திருந்த நமது மஹல்லா இளைஞர் ஒருவர் ஸலாம் கூறி அருகில் அமர்ந்தார். பிள்ளைகள் போகும் வரை காத்திருந்துவிட்டு, தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினார்.

"ஹஜ்ரத், இதைப் பாருங்க. வயசு இருபத்தாறுதான் ஆகுது."

நெற்றியின் இரு பக்கமும் முடி பின்வாங்கி, நடுவில் மட்டும் கொஞ்சம் மெலிதாக நின்றது. நான்கு மாதத்தில் அவருக்கு நிக்காஹ். பட்டணத்து மருத்துவமனை ஒன்றில் இரண்டாயிரத்து ஐந்நூறு முடிகளை நட வேண்டும் என்கிறார்களாம். செலவு ஒன்றரை லட்சம். கையில் பணமில்லாவிட்டால் தவணைக் கடனுக்கு அவர்களே ஏற்பாடு செய்து தருவார்களாம். கூட்டாளி ஒருவர் மருந்து தடவினால் போதும் என்கிறார். உம்மாவோ, "அல்லாஹ் படைச்சதை மாத்துறது ஹராம்டா" என்று அழுகிறார்.

"ஹராமா, ஹலாலா? மருந்தா, ஆபரேஷனா? ஒரே வார்த்தையில சொல்லிடுங்க ஹஜ்ரத்."

ஒரே வார்த்தையில் சொல்லக்கூடிய மஸ்அலா அல்ல இது. அன்று அவரிடம் பேசியதையும், பிறகு கிதாபுகளைப் புரட்டியும் நமக்குத் தெரிந்த மருத்துவர்களிடம் விசாரித்தும் அறிந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறோம். ஏனெனில் இதே கேள்வியை வெட்கத்தால் கேட்காமலே கடனில் விழுகிறவர்கள் நம் ஊர்களில் பலர் இருக்கின்றார்கள்.

முதலில் அந்த உம்மாவின் கண்ணீரைப் பார்ப்போம். அவர் அஞ்சுவதற்கு ஆதாரமில்லாமல் இல்லை. அஸ்மா பின்த் அபீபக்ர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. ஒரு பெண்மணி நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து, தம் மகளுக்கு அம்மை கண்டு முடி உதிர்ந்துவிட்டதாகவும், அவளுக்குத் திருமணம் முடித்து வைத்திருப்பதால் ஒட்டுமுடி சேர்க்கலாமா என்றும் கேட்கிறார். அனுமதி கிடைக்கவில்லை. முடியை ஒட்டிவிடுபவளும் ஒட்டிக்கொள்பவளும் அல்லாஹ்வின் சாபத்திற்கு உரியவர்கள் என்றே பதில் வந்தது.

இந்த ஹதீஸை நாம் மேலோட்டமாகக் கடந்து போய்விடக் கூடாது. கேட்டவள் பகட்டுக்காரி அல்ல, பெற்ற தாய். முடி போனது நோயால். அவள் புது மணப்பெண். நம் இளைஞருடைய நிலையும் ஏறக்குறைய அதுதான். இவ்வளவு இரக்கத்திற்குரிய நிலையிலும் மறுக்கப்பட்டது என்றால், மறுக்கப்பட்டது எது என்று நிதானமாகப் பார்க்க வேண்டும். மறுக்கப்பட்டது வைத்தியமா? இல்லை. வேறொருவர் தலையில் வளர்ந்த முடியைத் தன்னுடையது போலக் காட்டுவது. அங்கே உதிர்ந்த இடம் உதிர்ந்த இடமாகவே இருக்கிறது. மேலே ஒரு மறைப்பு வருகிறது. அவ்வளவுதான்.

வைத்தியம் செய்துகொள்ளும்படி நாயகம் (ஸல்) அவர்கள் ஏவியிருக்கின்றார்கள். குலாப் போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் வெள்ளியில் மூக்குச் செய்து பொருத்த, அது துர்வாடை வீசியபோது, தங்கத்தால் செய்துகொள்ளும்படி கூறினார்கள் என்பது அபூதாவூதிலும் திர்மிதியிலும் உள்ளது. ஆண்களுக்குத் தங்கம் ஹராமாக இருந்தும், ஏற்பட்ட குறையை நீக்குவதற்காக அது ஆகுமாயிற்று. குறையை நீக்குவது வேறு, இருக்கிற படைப்பை இன்னும் அழகுக்காக மாற்றுவது வேறு. பல்லை அராவி இடைவெளி உண்டாக்கும் பெண்களைக் கண்டிக்கும் ஹதீஸிலும் அழகுக்காக என்ற நிபந்தனை சேர்ந்தே வருகிறது.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. பனீ இஸ்ராயீல் கூட்டத்தில் வெண்குஷ்டரோகி, வழுக்கைத் தலையர், குருடர் என மூவர் சோதிக்கப்பட்ட சம்பவத்தை நாம் சிறுவயதிலிருந்தே பயானில் கேட்டு வருகின்றோம். மலக்கு வந்து கேட்டபோது வழுக்கைத் தலையர் நல்ல முடியைக் கேட்டார். தலையைத் தடவியதும் கிடைத்தது. பின்னர் அவர் பிடிபட்டது முடியை ஆசைப்பட்டதற்காக அல்ல, கிடைத்த நிஃமத்தை மறந்து கஞ்சத்தனம் செய்ததற்காக. சவூதி நாட்டு ஆலிம் இப்னு உஸைமீன் அவர்கள் (வஃபாத்து 2001) முடி நடுவது ஆகும் என்பதற்கு இந்த ஹதீஸை எடுத்துக் காட்டியிருக்கின்றார்கள். 2007-ல் மலேஷியாவின் புத்ராஜயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமியும், உதிர்ந்துவிட்ட முடிக்குப் பதிலாக முடி நடுவதை, அதிலும் சிறப்பாகப் பெண்களுக்கு, ஆகுமான சிகிச்சைகளில் சேர்த்தது.

இந்தச் சிகிச்சையில் நடப்பது என்ன? வழுக்கை விழும் ஆண்களுக்கும் பிடரிப் பக்கத்து முடி பெரும்பாலும் உதிர்வதில்லை. அங்கிருந்து மயிர்க்கால்களை எடுத்து முன்னால் நட்டால், இடம் மாறிய பிறகும் அவை தம் பழைய குணத்தையே காட்டுகின்றன. நியூயார்க்கைச் சேர்ந்த டாக்டர் நார்மன் ஓரன்ட்ரைக் 1959-ல் இதை எழுதி வெளியிட்டார். அதற்கு இருபது ஆண்டு முன்பே, 1939-ல், ஜப்பானிய மருத்துவர் ஒகுடா இப்படி நட்டுக் காட்டியிருந்தார். இன்று பிடரித் தோலில் ஒரு பட்டையை அறுத்தெடுத்துப் பிரித்து நடுவது ஒரு முறை. பட்டை எடுக்காமல் ஒவ்வொரு மயிர்க்கால் கொத்தாகத் துளைத்தெடுப்பது மற்றொரு முறை. ஒரு கொத்தில் ஒன்று முதல் நான்கு முடிகள் இருக்கும். நம் இளைஞரிடம் கூறப்பட்ட இரண்டாயிரத்து ஐந்நூறு என்ற கணக்கும் கொத்துகளின் கணக்கே.

தன் முடியைத் தன் தலையிலேயே இடம் மாற்றுகின்றார்கள். பிறர் முடி இல்லை. வேர் பிடித்தபின் சவரம் செய்தாலும் திரும்ப வளரும். உம்ராவில் சிரைத்தாலும் வளரும். டோப்பாவையோ சவுரியையோ சிரைத்துப் பாருங்கள், வளருமா? ஒட்டுமுடிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதில் விளங்கிவிடும். உடலிலிருந்து பிரிந்த பாகம் நஜீஸ் ஆகாதா என்று ஓதிய மாணவர்கள் கேட்கக் கூடும். ஷாபிஈ மத்ஹபில் மனிதன் உயிரோடிருந்தாலும் மய்யித்தானாலும் சுத்தமானவன். அவனிலிருந்து பிரிந்ததும் சுத்தமே. ஹனபி கிதாபுகளிலும், பிரிந்த பாகம் அதன் சொந்தக்காரரைப் பொறுத்தவரை நஜீஸ் அல்ல என்ற விதிவிலக்கு இருக்கிறது.

ஆகவே உம்மாவுக்கு நாம் சொன்ன பதில்: முடி நடுவது அடிப்படையில் ஹராம் அல்ல. ஆனால் ஆகுமான ஒன்று எல்லாருக்கும் எப்போதும் நல்லதாகிவிடாது.

சிலர் இரண்டையும் விட்டுவிட்டு, பசை போட்டு ஒட்டும் முடித்துண்டை மாட்டிக் கொள்கின்றார்கள். பெரும்பாலும் அது மனித முடி. மனித முடியை ஒட்டுவதை நான்கு மத்ஹபு இமாம்களும் தடுத்திருக்கின்றார்கள். நைலான் முடி என்றாலும், கடமையான குளிப்பில் அந்தப் பசைக்குக் கீழே தண்ணீர் செல்லாது. வாரக்கணக்கில் கழற்றாமல் இருப்பவருடைய குளிப்பும் தொழுகையும் என்னாவது? இதைப் பற்றி மேலும் எழுத வேண்டியதில்லை.

இனி மருந்து. மருந்துக்கு முன்னால் நோய் எதுவென்று தெரிய வேண்டும். எல்லா உதிர்வும் வழுக்கை அல்ல. காய்ச்சலுக்குப் பின், பிரசவத்திற்குப் பின் கொத்துக் கொத்தாக உதிர்வது பெரும்பாலும் சில மாதங்களில் தானே சரியாகிவிடும். இரத்தச் சோகையாலும் தைராய்டு கோளாறாலும் உதிர்வதுண்டு. அதற்குத் தலையில் தடவி என்ன பயன்? நாணயம் போல் வட்டமாகச் சொட்டை விழுவது வேறு நோய். நம் பெண்மக்களில் சிலருக்கு முன்நெற்றி ஓரத்தில் மட்டும் முடி மெலிகிறது. முடியை இறுக்கி இழுத்துப் பின்னுவதும் கொண்டை போடுவதும் ஒரு காரணம். ஆரம்பத்திலேயே தளர்த்திவிட்டால் திரும்ப வளரும். பல ஆண்டு இழுபட்ட வேர் திரும்புவதில்லை. தோல் மருத்துவரிடம், பெண்களானால் கூடியவரை பெண் மருத்துவரிடம், ஒருமுறை காட்டிய பிறகே மற்றவை.

ஆண்களுக்குப் பரம்பரையாக வரும் வழுக்கைக்கு நிரூபணமான மருந்துகளில் முக்கியமானவை இரண்டு. ஒன்று மினாக்ஸிடில். இரத்த அழுத்தத்திற்கு மாத்திரையாகக் கொடுத்தபோது நோயாளிகளுக்கு உடலெங்கும் முடி வளர்வதைக் கண்டு, பிறகு தலையில் தடவும் மருந்தாக்கினார்கள். 1988-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. தடவத் தொடங்கிய முதல் வாரங்களில் முடி இன்னும் அதிகமாக உதிரலாம். பயந்து நிறுத்திவிடுகிறவர்கள் பலர். பலன் தெரிய நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். நிறுத்தினால் சில மாதங்களில் வளர்ந்ததும் போய்விடும்.

மற்றொன்று ஃபினாஸ்டரைடு மாத்திரை. ஆண் ஹார்மோனை டி.எச்.டி. என்ற பொருளாக மாற்றும் நொதியை இது தடுக்கிறது. இரத்தத்தில் அதன் அளவு ஏறத்தாழ 70 விழுக்காடு குறைகிறது. மயிர்க்காலைச் சுருங்கச் செய்வது அந்தப் பொருள்தான். 1997-ல் வழுக்கைக்காக அனுமதிக்கப்பட்டது. இதில் ஒன்றை வெட்கப்படாமல் எழுத வேண்டியிருக்கிறது. சிலருக்கு இது தாம்பத்திய ஆசையையும் ஆற்றலையும் குறைக்கிறது. சிலருக்கு மனச்சோர்வு வருகிறது. பாதிக்கப்படுபவர்கள் குறைவு என்றாலும், புது மாப்பிள்ளை ஒருவர் மனைவிக்குத் தெரியாமல் விழுங்கும் மாத்திரை அல்ல இது. கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைத் தொடவும் கூடாது. வயிற்றில் இருப்பது ஆண் குழந்தையானால் அதன் உறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கும். கடையில் தானாக வாங்காமல் மருத்துவர் எழுதித் தந்தே உட்கொள்ள வேண்டும்.

மினாக்ஸிடில் நீரில் ஆல்கஹால் இருக்கிறதே என்று நம் இளைஞர் கேட்டார். தொழிற்சாலை ஆல்கஹாலைப் போதைக்கான கம்ரு என்ற கணக்கில் சேர்க்காதவர்களே இக்கால உலமாக்களில் அதிகம். தடவினால் ஆவியாகியும் விடுகிறது. பேணுதலாக இருக்க விரும்புபவர் ஆல்கஹால் சேராத தயாரிப்பு உண்டா என மருத்துவரிடம் கேட்டுக் கொள்ளலாம். தடவியபின் நான்கு மணி நேரம் தலையை நனைக்காதீர்கள் என்கின்றார்கள். அதற்கும் வழியிருக்கிறது. இஷாவுக்குப் பின் தடவினால் ஃபஜ்ரு வரை அவகாசம். இரண்டு வேளை என்றால் மற்றது ஃபஜ்ருக்குப் பின். லுஹர் வரை போதுமான நேரம் உண்டு. இடையில் ஒளூ தேவைப்பட்டாலும் ஷாபிஈகளுக்குத் தலையில் மருந்து படாத ஏதேனும் ஒரு சிறு பாகத்தை மஸஹு செய்தால் போதும். ஹனபிகள் கால் பாகம் மஸஹு செய்ய வேண்டும், அதைப் பின்தலையில் செய்து கொள்ளலாம். நோன்பில் தடவுவதால் நோன்பு முறியாது.

இவ்விரண்டுக்கும் நடுவே இப்போது ஊரெங்கும் பேசப்படுவது பி.ஆர்.பி. ஊசி. நம் கையிலிருந்தே இரத்தம் எடுத்து, இயந்திரத்தில் சுழற்றி, தட்டணுக்கள் செறிந்த நீரைப் பிரித்துத் தலைத்தோலில் செலுத்துகின்றார்கள். இதன் பலன் ஆளுக்கு ஆள் மாறுகிறது. தயாரிக்கும் முறையும் இடத்துக்கு இடம் மாறுகிறது. வெளியே வந்த இரத்தம் நஜீஸ் என்பது நாம் ஓதிய பாடம். நஜீஸைக் கொண்டு வைத்தியம் செய்ய, சுத்தமான மாற்று இல்லை என்று தேர்ந்த மருத்துவர் கூற வேண்டும் என்பது ஷாபிஈ ஃபுகஹாக்களின் நிபந்தனை. இங்கே சுத்தமான மாற்று இரண்டு இருக்கின்றன. ஆதலால் முடிக்காக இந்த ஊசியை முதலில் தேடிப் போவது நமக்குச் சரியாகத் தோன்றவில்லை. பெரிய உலமாக்கள் இதை லேசாக எடுத்துக் கொண்டால் அவர்களோடு நாம் வாதிக்கப் போவதுமில்லை.

கத்திக்கு வருவோம். இருபத்தாறு வயதில் நெற்றி ஓரத்தில் நட்டுவிட்டால், நட்டது நிற்கும். அதற்குப் பின்னாலிருக்கும் பழைய முடி தன் வழியே உதிர்ந்து கொண்டே போகும். நாற்பது வயதில் முன்னால் ஒரு வரப்பும் பின்னால் வெட்டவெளியுமாக நிற்க நேரிடும். அதைத் தடுக்க, நட்ட பிறகும் அதே மருந்தைத் தொடர வேண்டும் என்றுதான் நேர்மையான மருத்துவர்கள் சொல்கின்றார்கள். மருந்திலிருந்து தப்பிக்கக் கத்தியைத் தேடுகிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். பிடரியில் இருப்பதும் அள்ள அள்ளக் குறையாத கிணறு அல்ல. இன்று செலவழித்துவிட்டால் நாளைக்கு இருக்காது. அன்றியும் நட்ட முடி இரண்டு முதல் ஆறு வாரத்தில் உதிர்ந்துவிடும்; வேர் உள்ளே இருந்து மூன்று நான்கு மாதத்தில் முளைக்கும்; முழுப் பலன் தெரிய ஓராண்டு ஆகும். நான்கு மாதத்தில் நிக்காஹ் வைத்திருப்பவர் நட்டால், மணமேடையில் இப்போது இருப்பதைவிட மோசமாகத்தான் தோன்றுவார். இதை அவரிடம் அந்த மருத்துவமனையில் யாரும் சொல்லவில்லை.

உயிருக்கு ஆபத்து அரிது. இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. 2016-ல் சென்னையில் இந்தச் சிகிச்சை செய்துகொண்ட மருத்துவக் கல்லூரி மாணவர் ஒருவரே அதன்பின் உயிரிழந்தார். 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம், பயிற்சி பெற்ற பதிவுபெற்ற மருத்துவர்களே இதைச் செய்ய வேண்டும் என்று நெறிமுறை வெளியிட்டது. துளைப்பவர் யார், மருத்துவரா உதவியாளரா, மயக்கமருந்தால் ஏதேனும் நேர்ந்தால் அங்கே என்ன வசதி இருக்கிறது என்று கேட்காமல் தலையைக் கொடுக்கக் கூடாது. இஸ்தான்பூலுக்குப் போய் வந்தவர்கள் சொல்லும் மலிவு விலைக்கும் இதே கேள்விதான்.

பணம்? நம் இளைஞருக்குக் காட்டிய தவணைக் கடன் வட்டிக் கடன். ஆகுமான சிகிச்சையை வட்டியைக் கொண்டு செய்தால் கொடுக்கல் வாங்கலே ஹராமாகிவிடுகிறது. நெற்றி முடி என்ன உயிர் போகும் நிர்ப்பந்தமா, வட்டிக்கு அனுமதி தேட?

பெண் வீட்டாரிடம் சொல்ல வேண்டுமா என்றும் கேட்டார். ஷாபிஈ மத்ஹபில் நிக்காஹை முறிக்கும் உரிமை தரும் குறைகளில் வழுக்கை இல்லை. அதனால் தானாக முரசறைய வேண்டியதில்லை. கேட்டால் பொய் சொல்லக் கூடாது. பழைய புகைப்படத்தைக் காட்டிப் பேச்சை முடிப்பது ஏமாற்று. உமர் (ரலி), அலீ (ரலி) இருவருமே முன்தலை வழுக்கையானவர்கள் என்று வரலாறு கூறுகிறது. நமக்கும் முப்பதைத் தாண்டியதிலிருந்து நெற்றி ஏறிக்கொண்டுதான் வருகிறது. தலைப்பாகை மறைத்துக் கொள்கிறது என்று சொன்னதும் அவர் முதன்முறையாகச் சிரித்தார். பிறகு உம்மாவைக் கொண்டே பெண் வீட்டில் சொல்ல வைத்தார். இப்போது இஷாவுக்குப் பின் மருந்து தடவி வருகிறார். கத்தியைப் பற்றி முப்பது வயதுக்கு மேல், சொந்தப் பணம் சேர்ந்தால் யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

அப்படி யோசித்துத் துணிபவர்களுக்குச் சில மஸ்அலாக்கள். சிகிச்சை ஆறு மணி, எட்டு மணி நேரம் கூட நீளும். அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்வதால் நினைவு இருக்கும். தொழுகை தவறுவதற்குச் சாக்கு இல்லை. இடையில் ஓய்வு விடுவதை முன்கூட்டியே பேசிக் கொள்ள வேண்டும். இரத்தம் வழிந்தால் ஹனபிகளுக்கு ஒளூ முறியும், ஷாபிஈகளுக்கு முறியாது. கட்டுப் போடும்போது ஒளூவுடன் இருங்கள். கட்டு தேவையான அளவைத் தாண்டாமலும் இருந்தால், ஷாபிஈகள் அத்தொழுகைகளைத் திரும்பத் தொழ வேண்டியதில்லை. குளிப்புக் கடமையானால் மற்ற உடலைக் கழுவி, கட்டின் மேல் மஸஹு செய்து, ஷாபிஈகள் காயத்திற்காகத் தயம்மும் செய்ய வேண்டும். ஹனபிகளுக்கு மஸஹு போதும். பொதுவாக இரண்டு மூன்று நாளில் மெதுவாகத் தண்ணீர் ஊற்ற அனுமதிக்கின்றார்கள். நெற்றி வீங்கி, குனியக் கூடாது என்று மருத்துவர் தடுத்தால், ஸஜ்தாவைச் சைகையால் செய்யலாம். ஷாபிஈகளில் நிற்க முடிந்தவர் நின்றே தொழ வேண்டும். ஹஜ்ஜு, உம்ரா நெருங்கியிருந்தால் தள்ளிப் போடுங்கள். புதிதாக நட்ட தலையில் கத்தி வைக்க மருத்துவர் விடமாட்டார். முடி குறைப்பதோடு நிறுத்திக் கொள்ள வேண்டி வரும்.

நட்ட முடி மூன்றாம் வாரம் தலையணையில் உதிர்ந்து கிடப்பதைக் கண்டு ஒருவர் நமக்குக் கடிதம் எழுதி, அதை என்ன செய்வது என்று கேட்டிருந்தார். வெட்டிய நகத்தையும் முடியையும் போல அதையும் மண்ணில் புதைப்பது முஸ்தஹப்பு. பூந்தொட்டி மண்ணும் மண்தான்.